சாண்டாவும் சித்தப்பாவின் முழங்காலும்

ஐயா, வணக்கம். ராஜஸ்தானில் பலோடி பக்கம் ஒரு சோலார் திட்டத்தில் வேலை பார்க்கிறேன். வேலிக்கு வெளியே கட்டாந்தரை முழுக்கப் பொந்துகள். பொந்துக்கு ஒன்றாகப் பல்லி மாதிரி ஒரு பிராணி, ஒரு முழம் இருக்கும், வாலெல்லாம் முள். சாண்டா என்கிறார்கள். இது நம்ம ஊர் உடும்பின் குட்டியா? ஏன் நாள் பூரா சும்மாவே கிடக்கிறது? இதன் எண்ணெய் மூட்டுவலிக்கு நல்லது என்று சந்தையில் விற்கிறார்கள். சித்தப்பாவுக்கு ஒரு பாட்டில் வாங்கி வரலாமா?
எஸ்.ஆர்.

அன்புள்ள எஸ்.ஆர்.,

உடும்புக்கும் இதற்கும் உறவு ரொம்பத் தூரம். சாண்டா ஓணான் குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியல் பெயர் சாரா ஹார்ட்விக்கீ. உடும்பு பிளந்த நாக்கை நீட்டி மோப்பம் பிடித்து இரை தேடும். சாண்டாவோ இலை, பூ, விதை என்று மேய்கிற சாதி. குஞ்சுகள் பூச்சியும் நிறையத் தின்னும், வளர வளரச் சைவமாகிவிடும். மழைக்காலத்தில் பூச்சி மலிந்தால் பெரியவையும் விரதத்தைக் கொஞ்சம் தளர்த்துவது உண்டு. போதாததற்கு, உடும்பு இதைப் பிடித்துத் தின்னும். குட்டி என்று சொன்னால் இரண்டுக்குமே கோபம் வரும்.

சும்மா கிடக்கிறது என்கிறீர்கள். இலை தழை செரிக்க உடம்பு நன்றாகச் சூடேற வேண்டும், அந்தச் சூட்டை வெயிலிடம்தான் வாங்க வேண்டும். காலையில் வெளியே வந்ததும் பாருங்கள், தோல் கருத்திருக்கும். சூடு ஏற ஏற மணல் நிறத்துக்கு வெளுக்கும். உச்சிவெயிலில் பொந்துக்குள் போய்விடும், வெயில் தாழ்ந்ததும் மறுபடி தலை காட்டும். செல்போன் கேமராவில் பெரிதாக்கினால் தொடையின் முன்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். பக்கத்தில் போகாதீர்கள், உள்ளே ஓடிவிடும்.

அந்தப் பொந்துதான் அதன் சொத்து. மணல்மேட்டில் தோண்டினால் சரியும் என்பதால் கெட்டித்தரையாகத் தேடிப்பிடித்து, வளைத்து வளைத்து இரண்டு மீட்டருக்கு மேலும் தோண்டும். ஒரே வாசல், உள்ளே ஒரே ஆள். வாசலை உள்ளிருந்தே மண்ணால் அடைத்துக்கொள்ளும். நரியோ பாம்போ உள்ளே மூக்கை நீட்டினால் வால் சாட்டையடி கொடுக்கும். வானத்திலிருந்து வருகிற லக்கர் வல்லூறுக்கு மட்டும் இந்த வால் பெரிதாக உதவாது. பொந்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்பதில்தான் உயிர்.

பனிக்காலம் முழுக்க அதற்குள்ளேயே தூக்கம். அதற்கான சாப்பாடு கொழுப்பாக வாலடியில் சேர்ந்திருக்கும். சந்தையில் உருக்குவது அதைத்தான். பிடித்தவுடன் ஓடாமல் இருக்க முதுகெலும்பை முறித்துவிடுவார்கள்; வாடிக்கையாளர் நம்ப வேண்டும் என்று உயிரோடு தட்டில் கிடத்தி வைத்திருப்பார்கள். உடும்பு ரத்தம் பலம் தரும் என்று நம்பிய நம்ம ஊர்க்காரர்கள் வடக்கத்தியரைப் பார்த்துச் சிரிக்க முடியாதுதான்.

எண்ணெய்க்காரர்கள் மட்டும்தான் எதிரி என்றில்லை. இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் வந்த இடங்களில் மேய்ச்சல் தரை வயலாகிவிட்டது. குஜராத்தின் கட்ச்சில் பன்னி என்கிற புல்வெளியைச் சீமைக்கருவேலம் மூடிக்கொண்டு வருகிறது. ஆமாம், நம்ம ராமநாதபுரத்தைப் பிடித்து வைத்திருக்கும் அதே மரம்தான். ஒன்றுக்கும் உதவாத தரிசு என்று கணக்கில் எழுதப்படுகிற நிலம்தான் சாண்டாவுக்கு ஏற்ற நிலம். உங்கள் கம்பெனி அடுத்த பிளாட்டைச் சமன்படுத்தும்முன் அந்தப் பொந்துகளைப் பற்றி யாராவது கேட்டால் நல்லது. நீங்களே கேட்கலாம்.

அப்புறம், எண்ணெய் விஷயம். அது வெறும் கொழுப்பு. மூட்டுவலியைத் தீர்க்கும் என்பதற்கு மருத்துவச் சான்று கிடையாது. தேய்க்கிற கை கொடுக்கிற சுகம் நல்லெண்ணெயிலும் கிடைக்கும். சாண்டா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற உயிர். விற்கிறவர் மட்டுமல்ல, பாட்டிலோடு ரயிலேறுகிற நீங்களும் மாட்டுவீர்கள். விற்பதைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். சித்தப்பாவை எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போய் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.