விளம்பரத்தில் ஒளிந்திருப்பது எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விளம்பரங்களை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, அவற்றில் ஒளிந்திருக்கும் உருவங்களைக் காட்டும் வீடியோக்களை விரும்பிப் பார்க்கிறேன். தியேட்டரில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் 'பாப்கார்ன் சாப்பிடு' என்று திரையில் காட்டி விற்பனையைக் கூட்டினார்களாமே? இப்படிப்பட்ட மறைமுகச் செய்திகளைக் கண்டுபிடிக்க எப்படிப் பழகுவது?

எம்.

அன்புள்ள எம்,

முதலில் அந்தப் பாப்கார்ன் கதையை முடித்துவிடுவோம். 1957இல் ஜேம்ஸ் விக்காரி என்ற அமெரிக்கச் சந்தை ஆய்வாளர் கிளப்பிவிட்டது அது. பாப்கார்ன் விற்பனை 57 சதவீதத்துக்கு மேலும் கோகோ கோலா விற்பனை 18.1 சதவீதமும் கூடியதாகக் கணக்குக் கொடுத்தார். புள்ளி வைத்துச் சொன்னால் யாருக்குச் சந்தேகம் வரும்? 1962இல் ஒரு பேட்டியில், தன்னிடம் போதுமான தரவு இருக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அது யார் காதிலும் ஏறவில்லை.

அந்த வீடியோக்களும் வேண்டாம். விளம்பரத்தில் வரும் ஐஸ்கட்டிக்குள் உருவம் தேடுவது மேகத்தில் யானை தேடுகிற மாதிரி, தேடினால் கிடைத்துவிடும். அந்த நேரத்தில் கண்ணெதிரே இருப்பதைக் கோட்டை விட்டுவிடுவோம்.

ஒரு சலவைத்தூள் விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். சட்டையெல்லாம் சேறாகப் பையன் ஓடி வருகிறான். அம்மா ஒரு நொடி முகம் சுளித்துவிட்டுச் சிரிக்கிறார். வீட்டுவேலைக்கு நடுவிலும் அவர் புடவை கசங்கவில்லை. அப்பா எங்கே? வந்தால் கடைசியில், வெளுத்த சட்டையைப் பார்த்துத் தலையாட்ட வருவார். இப்போது சத்தத்தை வையுங்கள். கறை போகும் என்பதைத் தவிர வேறெதையும் அந்தக் குரல் சொல்வதில்லை. துவைப்பது அம்மாவின் வேலை என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நீங்களே சண்டைக்குப் போயிருப்பீர்கள். சொல்லாததால் அது பாட்டுக்கு உள்ளே போய்விடுகிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: இந்த விளம்பரம் எனக்கு இயல்பாகத் தோன்ற, நான் ஏற்கெனவே எதை நம்பியிருக்க வேண்டும்? பதில் பிடிபடவில்லை என்றால் ஆட்களை இடம் மாற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் சிரிப்பு வருகிறதோ, அங்கேதான் அந்த நம்பிக்கை இருக்கிறது. (இப்போது சில விளம்பரங்களில் அப்பாக்களும் துவைக்கிறார்கள். அதை என்னவோ பெரிய சாதனை போலக் காட்டுகிறார்களா என்றும் பாருங்கள்.)

செய்திகளில் இது இன்னும் கஷ்டம். 1929 ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க் ஊர்வலத்தில் சில இளம்பெண்கள் பகிரங்கமாகச் சிகரெட் பற்றவைத்தார்கள். பத்திரிகைகளில் அது பெண் விடுதலைச் செய்தியாக வந்தது. ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்ற மக்கள் தொடர்பு நிபுணர். அவருக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. பெண்களும் சிகரெட் வாங்க ஆரம்பித்தால் அந்தக் கம்பெனியின் சந்தை எவ்வளவு பெருகும்! அந்த ஊர்வலப் படத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. படத்துக்கு வெளியே போய், கேமராக்காரர்களை வரச் சொன்னது யார், இதனால் யார் கல்லா நிரம்பும் என்று விசாரிக்க வேண்டும்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? உங்களுக்கு ரொம்பப் பிடித்த விளம்பரத்தையே முதலில் எடுங்கள். பிடிக்காததில் குற்றம் கண்டுபிடிக்கப் பயிற்சியே தேவையில்லை.