வெளிநாட்டுத் தொண்டுக்குக் கிளம்புமுன்: கேளுங்கள், சொல்கிறேன்

வெளிநாட்டில் இரண்டு ஆண்டு தொண்டராக இருந்தேன். அப்புறம் இளைஞர்களைத் தயார்செய்து அனுப்பும் வேலைக்கு வந்துவிட்டேன். வந்த கேள்விகளில் சில:

கேள்வி: பயிற்சிக்கு ஒரு வாரம் போதும் என்கிறான் நண்பன். சரியா?

பதில்: எவ்வளவு காலம் இருக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்ப 1961இல் தொடங்கிய அமெரிக்க அரசு அமைப்பான பீஸ் கோரில் சேவைக்காலம் 27 மாதம். அதில் முதல் மூன்று மாதமளவுக்குப் பயிற்சிதான். அதுவும் போகும் நாட்டிலேயே, பெரும்பாலும் ஒரு குடும்பத்தோடு தங்கி. வகுப்பில் கற்பதைவிட அந்த வீட்டுப் பிள்ளைகள் சிரித்துத் திருத்துவதில் கற்பது அதிகம்.

கேள்வி: ஆங்கிலம் தெரிந்தால் போதாதா?

பதில்: அலுவலகத்துக்குப் போதும். பயிற்சியில் நான் ஊர்ப் பெரியவராக நடிப்பேன். தொண்டர் வந்து கூட்டத்துக்கு நாள் கேட்க வேண்டும். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பலரும் நோட்டில் 'சம்மதம்' என்று எழுதிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்!

கேள்வி: எனக்குக் கணினி நன்றாக வரும். போனதும் என்ன செய்யலாம்?

பதில்: முதல் சில மாதம் ஒன்றும் செய்யாதீர்கள். கோபம் வேண்டாம், என் கதையைக் கேளுங்கள். நான் இருந்த சிறிய சுகாதார நிலையத்தில் செவிலியர் ஒருவர் தடுப்பூசிப் பதிவேடு வைத்திருந்தார். ஓரம் கிழிந்த கோடு போட்ட நோட்டு. ஊசி தவறிய குழந்தையின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. அதைப் பார்த்தவுடன் எனக்குக் கை துறுதுறுத்தது. இரண்டே வாரத்தில் எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றிவிட்டேன். நான் கிளம்பிய கொஞ்ச நாளில் கணினி பழுதானது. நோட்டை எடுத்துப் பார்த்தால், நான் இருந்த மாதங்களுக்கு ஒரு வரிகூட இல்லை. யாருக்கு ஊசி போட்டது, யாருக்குத் தவறியது என்று தெரியாமல் அந்த அம்மா வீடு வீடாக ஏறி இறங்கினாராம். "இதை ஏன் இப்படி எழுதுகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை நான் அவரிடம் கேட்கவே இல்லை.

கேள்வி: தடுப்பூசி, மாத்திரை?

பதில்: இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ், போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும். மலேரியா வராமல் தடுக்க டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தால், அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும்.

கேள்வி: விடுமுறையில் இரண்டு வாரம் அநாதை இல்லத்தில் உதவலாமா?

பதில்: வேண்டாம். ஒட்டிக்கொள்ளும் குழந்தையை இரண்டு வாரத்துக்கு ஒருவர் விட்டுப் போய்க்கொண்டே இருப்பது கொடுமை. தொண்டர்கள் தரும் பணத்துக்காகப் பெற்றோர் உள்ள பிள்ளைகளையே சேர்த்துக்கொள்ளும் இல்லங்களும் உண்டு. குழந்தைகளோடு பழகும் வேலைக்குக் காவல்துறைச் சான்று கேட்காத அமைப்பா? ஒதுங்கிவிடுங்கள்.

கேள்வி: திரும்பி வந்த பிறகும் பயிற்சி உண்டாமே, எதற்கு?

பதில்: போகும்போது எல்லாரும் ஆவலாகக் கேட்பார்கள். வந்து சொல்ல ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடம் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். எனக்கே வந்த பிறகுதான் தூக்கம் கெட்டது. அதனால் திரும்பியவர்களை இரண்டு நாள் ஒன்றாக உட்காரவைக்கிறோம். பாடம் எதுவும் கிடையாது, அவர்களே பேசிக்கொள்வார்கள்.