பழைய விமானங்கள் புது சிமுலேட்டரில் ஏன் பறப்பதில்லை?

வாசகர் கேள்வி: பல வருடங்களாக ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் (எஃப்எஸ்எக்ஸ்) என்ற விமானம் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடுகிறேன். அதற்காகக் காசு கொடுத்து வாங்கிய விமானங்கள் நிறைய இருக்கின்றன. புது கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024-க்கு மாறலாம் என்றால், அவை எதுவும் அதில் ஓடாது என்கிறார்கள். மறுபடியும் விற்கத்தானே இந்த வேலை? நான் என்ன செய்யலாம்?

பதில்: விற்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் உங்கள் விமானங்களை முடக்குவது பெரும்பாலும் வேறொரு விஷயம்.

எஃப்எஸ்எக்ஸ் 2006-இல் வந்த 32-பிட் புரோகிராம். கம்ப்யூட்டரில் 32 ஜிபி ரேம் இருந்தாலும் அதனால் 4 ஜிபிக்கு மேல் தொட முடியாது. விரிவான காக்பிட், பெரிய விமான நிலையம், மேகமூட்டம் எல்லாம் சேர்ந்தால் அந்த இடம் நிரம்பிவிடும். நீங்களும் பட்டிருப்பீர்கள்: மணிக்கணக்கில் பறந்து, ரன்வே கண்ணில் படுகிற நேரத்தில் மெமரி போதவில்லை என்று ஒரு பெட்டி வரும், ஓகே அழுத்தினால் டெஸ்க்டாப்தான் மிச்சம். எவ்வளவு ரேம் வாங்கிப் போட்டாலும் இது தீராது.

சரி, அதையே 64-பிட்டாக மாற்றித் தந்திருக்கலாமே? அதையும் செய்து பார்த்தார்கள். எஃப்எஸ்எக்ஸ்-ஐ உருவாக்கிய ஏசஸ் ஸ்டூடியோவை மைக்ரோசாஃப்ட் 2009-இல் மூடிய பிறகு, அந்த நிரலுக்கு உரிமம் பெற்ற அமெரிக்க விமான நிறுவனமான லாக்ஹீட் மார்ட்டின் அதை பிரிபேர்3டி என்ற பெயரில் வளர்த்தது. 2017-இல் வந்த நான்காம் பதிப்பு 64-பிட். பரம்பரை அதேதான், ஆனாலும் பழைய விமானங்கள் பலவற்றில் கருவிகள் உயிரிழந்தன. ஏனென்றால் நல்ல ஆட்-ஆன் (தனியாக வாங்கிச் சேர்க்கும்) விமானத்தின் ஆட்டோபைலட், எரிபொருள் கணக்கு போன்றவை 32-பிட் டிஎல்எல் கோப்புகளில், அதாவது சிமுலேட்டருக்குள் ஏறி ஓடும் சிறு புரோகிராம்களில், இருக்கும். 64-பிட் புரோகிராமுக்குள் அவற்றை விண்டோஸ் ஏற்றவே ஏற்றாது. விமானத்தைத் தயாரித்தவரே மறுபடி உருவாக்கித் தந்தால்தான் உண்டு.

உங்களிடம் இருப்பதை இந்தக் கண்ணோடு தரம் பிரியுங்கள். உடல் வடிவம், பெயின்ட், ஒலி எல்லாம் வெறும் தரவு. பொறுமை இருந்தால், உரிமமும் அனுமதித்தால், மாற்றிக்கொள்ளலாம். எக்ஸ்எம்எல் என்ற எழுத்துக் கோப்பு வடிவில் எழுதிய எளிய கருவிகளும் ஓரளவு பிழைக்கும். புரோகிராமாக எழுதப்பட்டவை பிழைக்காது. விலை அதிகம் கொடுத்து வாங்கியவை பெரும்பாலும் இந்தக் கடைசி வகை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கிராபிக்ஸிலும் இதே கதைதான், மைக்ரோசாஃப்ட் மட்டும் செய்வதல்ல. திரையில் படம் வரையப் பயன்படும் ஓபன்ஜிஎல் என்ற பழைய முறையை ஆப்பிள் 2018-இலேயே கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டர் 2020-இல் வல்கன், மெட்டல் என்ற புதிய முறைகளுக்கு மாறியபோது, பழைய முறையில் திரையில் நேரடியாக வரைந்த பிளக்-இன்கள் (துணை நிரல்கள்) சிக்கலில் மாட்டின. அப்புறம் ஆன்லைன். எஃப்எஸ்எக்ஸ்-இல் பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் நம்பியிருந்த கேம்ஸ்பை சேவை 2014-இல் மூடப்பட்டது. அந்த ஆண்டு ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வந்த பதிப்பில்தான் அதற்கு மாற்று கிடைத்தது.

இதையெல்லாம் சொன்னாலும், 2020 பதிப்பு வந்து நான்கே வருடத்தில் 2024 வந்ததற்குத் தொழில்நுட்பம் மட்டுமே காரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவே 32-பிட் சுவர் எதுவும் இல்லை. 2020-க்கு வாங்கிய ஆட்-ஆன்கள் பல 2024-இலும் ஓடுகின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது: எஃப்எஸ்எக்ஸ்-ஐ அழிக்காதீர்கள். அதுவும் 2024-உம் ஒரே கம்ப்யூட்டரில் சண்டையில்லாமல் இருக்கும். எஃப்எஸ்எக்ஸ்-ஐப் புது கம்ப்யூட்டரில் போடும்போது புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்கு வெளியே நிறுவுங்கள். அனுமதிச் சிக்கல் பாதி அதிலேயே தீரும். 2024-ஐ உடனே வாங்காமல், மைக்ரோசாஃப்டின் மாதச் சந்தா சேவையான கேம் பாஸில் கிடைத்தால் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். குறைந்தது 16 ஜிபி ரேம் கேட்கும், 32 இருந்தால் நிம்மதி. நிலப்பரப்பை இணையத்திலிருந்து இழுத்துக்கொண்டே பறப்பதால், நெட் தடுமாறும் வீட்டில் தரை மங்கலாகத் தெரியும். எக்ஸ்-பிளேன் 12-க்கு இலவச டெமோ உண்டு.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள். ஆட்-ஆன்களின் இன்ஸ்டாலர்களையும் சீரியல் எண்களையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். ஆக்டிவேஷன் கேட்பவை இருந்தால், பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்வதற்கு முன் அதில் டீஆக்டிவேட் செய்துவிடுங்கள். அந்தச் சின்ன நிறுவனங்கள் கடையை மூடிவிட்டால், அப்புறம் கேட்க ஆள் இருக்காது.