எண்டோஸ்கோபிக்கு முன் நீராகாரம் குடிக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. நடவு வேலைக்குப் போகிறவர். மூன்று மாதமாக மேல்வயிற்றில் எரிச்சல். நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்கிறார். வாய்வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். குழாய் விட்டால் மூச்சு முட்டும் என்று யாரோ சொன்னதிலிருந்து வர மறுக்கிறார். ஸ்கேன் போதாதா? சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அன்று காலையில் நீராகாரமாவது கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: நீராகாரம் வேண்டாம். ஒன்றுமே சாப்பிடவில்லை என்று சொல்லிவிட்டு மேசையில் படுப்பவர்களை நம்மூரில் இன்னொரு முறை விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஒரு டம்ளர் காபியோ நீராகாரமோ உள்ளே போயிருக்கும். பாலும் சோற்றுப் பருக்கையும் வயிற்றின் உட்சுவரை மறைக்கும். குமட்டலில் மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. உணவும் பாலும் 6 முதல் 8 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தப்பட வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் பொதுவாக 2 மணி நேரம் முன்புவரை கொஞ்சம் குடிக்கலாம். உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, வயிறும் சீக்கிரம் நிறைகிறது. அதனால் வயிறு மெதுவாகக் காலியாகலாம். முதல் நாள் இரவு 7 மணிக்குள் இரண்டு இட்லியோ ரசம் சாதமோ போதும்.

ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரியும், கல்லீரல் தெரியும். இரைப்பையின் உள்தோலில் இருக்கும் சிறு புண் தெரியாது. இந்த வயதில், மூன்று மாதத் தொல்லைக்கு நேரில் பார்த்துவிடுவதே சரி.

மூச்சு முட்டாது. குழாய் போவது உணவுக்குழாயில், மூச்சுக்குழாய் தனி. சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். தொண்டையில் மருந்து தெளித்து மரத்துப்போகச் செய்வார்கள். அப்போது விழுங்க முடியாததுபோலத் தோன்றும். பலர் பயப்படுவது அந்த நேரத்தில்தான். இடப்பக்கமாகப் படுத்து, மூக்கால் நிதானமாக மூச்சு விட்டால் போதும். எச்சில் வழிந்தால் வழியட்டும். உள்ளே காற்று செலுத்துவதால் ஏப்பம் வரும், அதற்கும் கூச்சப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். பெண்கள் வலியைவிட இந்தக் கூச்சத்தில்தான் அதிகம் தவிக்கிறார்கள். 5 முதல் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். ‘ஒன்றுமே தெரியாது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். குமட்டும், வலிக்காது, உள்ளதைச் சொன்னால் ஒத்துழைப்பார். மிகவும் பயந்தால் மயக்க ஊசி உண்டு. போட்டுக்கொண்டால் துணைக்கு ஆள் வேண்டும், அன்று வயலுக்குப் போகக் கூடாது, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது!

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். அம்மா மூட்டுவலிக்கு என்ன சாப்பிடுகிறார்? குனிந்து நட்டுவிட்டு வந்து, மெடிக்கலில் ‘கை கால் வலிக்கு’ என்று வாங்கிப் போடும் மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை இருக்கும். குருவை, சம்பா நடவுக் காலங்களில் தினமும் விழுங்குகிறவர்கள் உண்டு. இரைப்பைப் புண்ணுக்கு இவை முக்கியக் காரணம். சிலருக்கு வலியே இல்லாமல் ரத்தம் கசியும். கேட்டால் ‘மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை’ என்பார். சுருக்குப்பையைப் பார்த்து, காலி அட்டைகளையும் சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

சர்க்கரை மாத்திரையை அன்று காலை தவிர்த்து, சாப்பிடும்போது கொடுங்கள். இன்சுலின் என்றால் அளவை முன்பே கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் போடலாம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை அவை மறைத்துவிடும் என்பதால், சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு. வாரனும் மார்ஷலும் இந்தக் கிருமியைக் கண்டறிந்து 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இருந்தால் மாத்திரைகளாலேயே குணமாகும், நடுவில் விடாமல் சாப்பிட்டால். இதற்காகத் துணுக்குச் சதை எடுப்பார்கள், வலிக்காது. சதை எடுத்தாலே புற்றுநோய் என்று வராந்தாவில் அழ ஆரம்பிக்காதீர்கள்.

மரப்பு போகும்வரை, ஏறக்குறைய ஒரு மணி நேரம், எதுவும் கொடுக்க வேண்டாம். பிறகு ஒரு மடக்குத் தண்ணீர். புரையேறாவிட்டால் ஆறிய இட்லி, தயிர் சாதம். அன்று வெற்றிலை பாக்கு கூடாது: சிவந்த எச்சிலைப் பார்த்து ரத்தமோ என்று எல்லோரும் குழம்புவோம். லேசான தொண்டை வலியும் உப்புசமும் ஒரு நாளில் போய்விடும். நெஞ்சிலோ வயிற்றிலோ கடும் வலி, கழுத்து வீக்கம், காய்ச்சல், ரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் அந்த இரவே 108-ஐ அழையுங்கள்.