ரோமா மக்களும் நரிக்குறவர்களும்

கேள்வி: ஐரோப்பாவின் ரோமா மக்களும் நம் நரிக்குறவர்களும் ஒரே இனமா? கள ஆய்வுக்குக் கேள்வித்தாள் எப்படித் தயாரிப்பது?
– சமூகவியல் மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: ஒரே இனம் என்று சொல்ல ஆதாரமில்லை. ரோமா மக்களின் மொழியான ரோமானியும், நரிக்குறவர் வீட்டில் பேசும் வாக்ரிபோலியும் இந்திய-ஆரிய மொழிகள். அந்த அளவுக்குத்தான் உறவு. ரோமானியில் எண்ணிப் பாருங்கள்: துய், த்ரின், ஷ்டார், பாஞ்ஜ் என 2 முதல் 5 வரை இந்தியச் சொற்கள். 7, 8, 9-க்கு எஃப்தா, ஒக்தோ, எனியா, இவை கிரேக்கம். ரோமா மக்கள் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கடந்து வந்த வழி எண்களிலேயே தங்கிவிட்டது!

ஆய்வில் பலரும் சறுக்குவது, மொழியை வைத்தே இனத்தைக் கணக்கிடுவதில்தான். ஹங்கேரியின் ரோமா மக்களில் ரோமுங்ரோ பிரிவினர் வீட்டில் பேசுவது ஹங்கேரிய மொழி. பொயாஷ் பிரிவினரின் மொழி பழைய ருமேனியம். மொழிக் கேள்வி மட்டும் கேட்டால் இருவருமே விடுபடுவார்கள். ஓசூரில் வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுகிறவர்களைப் பார்த்த உங்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஆகவே வீட்டுமொழி எது, தங்களை என்ன பெயரில் சொல்லிக்கொள்கிறார்கள், வெளியார் எப்படி அழைக்கிறார்கள் என மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். இரண்டு, மூன்று பதில் எழுதவும் இடம் விடுங்கள்.

பதில்தாளில் பெயர், முகவரி வேண்டவே வேண்டாம். 1899-இல் ஜெர்மனியின் மியூனிக் காவல்துறை ரோமா மக்களைப் பதிவுசெய்யத் தனி அலுவலகம் திறந்தது. அந்தக் கோப்புகள் பிறகு நாஜிகள் கைக்குப் போயின. பட்டியல் என்றாலே ரோமா மக்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

நரிக்குறவர் குடியிருப்புக்குத் திருவிழாக் காலத்தில் போகாதீர்கள். பாசிமணி விற்க வெளியூர் போயிருப்பார்கள். பூட்டிய வீட்டை 'ஆளில்லை' என்று குறித்துவிடாமல், மறுபடி ஒருநாள் மாலையில் போய்ப் பாருங்கள்.