பள்ளி மாணவனைக் கூடப் படிக்கும் மாணவனே வெட்டினால் பொறுப்பு யாருக்கு? வெட்டியவனுக்கு மட்டுமா?

வெட்டியவனுக்குப் பொறுப்பு உண்டு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவனோடு நிறுத்திவிடக் கூடாது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததைப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சாதி மாணவன் ஒருவன், கூடப் படித்த பையன்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்கே போகாமல் இருந்தான், ஏன் வரவில்லை என்று கேட்டபோது நடந்ததைச் சொன்னான், புகார் பள்ளிக்குப் போனது, அன்று இரவே அந்தப் பையன்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு.

என்னை உறுத்துவது இதுதான்: புகார் சொன்ன பையனுக்கு அந்த ஒரு ராத்திரிக்குக்கூட யாரும் பாதுகாப்பு யோசிக்கவில்லை. பிள்ளைகளிடம் 'எதுவானாலும் டீச்சரிடம் சொல்' என்கிறோம், சொன்ன பிறகு என்ன செய்வோம் என்று நமக்கே தெரிவதில்லை.

அப்புறம், பதினேழு வயதுப் பையனுக்குச் சாதி வெறி தானாக முளைக்காது. வீட்டுப் பேச்சு, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு, அதைப் பார்த்தும் பேசாமல் போகும் ஆசிரியர் என்று எல்லாமே அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறது. இதை விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும், பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது, 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. உங்கள் ஊர்ப் பள்ளியில் இதில் எது நடந்திருக்கிறது என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.