முடிவெடுக்கும்போது உள்ளுணர்வை நம்புவதா, தர்க்கத்தை நம்புவதா?

கல்லூரி முடியும்வரை மாவட்ட அளவில் செஸ் ஆடிக்கொண்டிருந்தேன். பெரிய ஆட்டக்காரன் எல்லாம் இல்லை. ஆனால் கடிகாரத்தில் நாலு நிமிடம்தான் மிச்சம் என்ற நிலையில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். அப்போது எல்லா நகர்த்தலையும் கணக்குப் போட நேரம் இருக்காது. குதிரையை எங்கே வைக்கலாம் என்பது முதலில் தோன்றிவிடும். சிப்பாய் வெட்டுமா, ராணி மாட்டுமா என்று பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தத் 'தோன்றுவது' எங்கிருந்து வருகிறது? 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நிஜ ஆட்டத்தில் வந்த ஒரு நிலையை 5 வினாடி காட்டி மறைத்தால், மாஸ்டர் பாதிக்கு மேல் காய்களைச் சரியாகத் திரும்ப அடுக்கினார்; புதிதாக ஆடுபவருக்கு நாலைந்துதான் நினைவிருந்தது. அதே காய்களைக் கன்னாபின்னாவென்று கலைத்து வைத்தபோது, மாஸ்டரும் கிட்டத்தட்டப் புதியவர் மாதிரியே ஆகிவிட்டார். ஆக, அவருக்கு அபார ஞாபகசக்தி ஒன்றும் இல்லை. பார்த்துப் பழகிய அமைப்பு கண்ணில் பட்டால் அடையாளம் தெரிகிறது, அவ்வளவுதான்.

இது தெரிந்திருந்தும் மனை வாங்கப் போய் ஏமாந்தேன். சாயங்கால நேரம், நல்ல காற்று, ஓரத்தில் ஒரு வேப்பமரம். பார்த்ததும் 'இதுதான் நம்ம இடம்' என்று மனசு சொன்னது. தர்க்கத்தையும் விட்டுவைக்கவில்லை: வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் எல்லாம் வக்கீலிடம் காட்டினேன், சுத்தமாக இருந்தது. 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு, பெரியப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். நாற்பது வருடம் விவசாயம் பார்த்தவர். வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"வேணாம்ப்பா. மழைக்கு இங்க தண்ணி நிக்கும்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பாத்தாலே தெரியுதே" என்றார். வேறு பதில் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் உள்ளுணர்வு விஷயத்தில் எதிரெதிர் கட்சி. இருவரும் சேர்ந்து 2009-இல் எழுதிய கட்டுரையில் ஒன்றை ஒப்புக்கொண்டார்கள்: ஒழுங்கு உள்ள துறையாக இருக்க வேண்டும், செய்த தப்பு தெரியவரும்படி நீண்ட காலம் பழகியிருக்க வேண்டும், அங்கேதான் உள்ளுணர்வை நம்பலாம். செஸ்ஸில் நூற்றுக்கணக்கான முறை தோற்றிருக்கிறேன். மனை விஷயத்தில் அதுதான் என் முதல் ஆட்டம். என் உள்ளுணர்வு என்று நான் நினைத்தது அந்தச் சாயங்காலக் காற்றை. தர்க்கமும் காகிதத்தோடு நின்றுவிட்டது. தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அந்த ஐப்பசி அடைமழையில் அந்தப் பக்கம் போனபோது வேப்பமரம் குளத்துக்குள் நின்றது.

அப்புறம் ஒருநாள் பெரியப்பாவே யோசித்துச் சொன்னார்: "அங்க கோரை மண்டிக் கெடந்துச்சுல்ல." நானும் அதைப் பார்த்திருந்தேன். எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று போட்டோகூட எடுத்து வைத்திருந்தேன்.